மணிலா மாநகரில் மாணவராய்...

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், பன்னிரண்டு ஆண்டுகள் பங்குப் பணியாற்றிய பின்னர், நாம் மீண்டும் மாணவரானோம். ஆயர் அவர்களின் விருப்பப்படி மேற்படிப்புக்காக 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா மாநகரில் போய் இறங்கினோம். பங்கில் இருந்தவரை தெருவில் கால் வைத்தால் போதும், எதிர்ப்படுவோர் கைகூப்பித் “தோத்திரம் சாமி” என்பர். சைக்கிளில் வருபவர் இறங்கி நிற்பார். மணிலாவில் இறங்கிய முதல் அரைமணி நேரத்திலேயே கண்டவரெல்லாம் நம்மைப் “போ” என்று சொன்னார்கள்.

கடவுச்சீட்டில் முத்திரை குத்திய பெண், “சலாமத் போ” என்றார். பெட்டிகள் வரும் இடத்தைக் காட்டிய காவலர், “தீத்தோ போ” என்றார். சரிதானா என்று நாம் சைகையால் கேட்டதற்கு, “ஓபோ” என்று தலையசைத்தார். பன்னிரண்டு ஆண்டு மரியாதை ஒரே நாளில் பறிபோயிற்று என்றே எண்ணினோம். அழைத்துச் செல்ல வந்திருந்த மாணவர் வழியில் சிரித்துக்கொண்டே விளக்கினார்: தகலோகு மொழியில் ‘போ’ என்பது மரியாதைச் சொல். நாம் ‘வாங்க’, ‘இருங்க’ என்று சொல்லின் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்ப்பது போல, அவர்கள் பெரியோரிடம் பேசும்போது ஒரு ‘போ’ சேர்ப்பார்கள். ‘சலாமத் போ’ என்றால் ‘நன்றிங்க’. எவ்வளவு ‘போ’ கிடைக்கிறதோ அவ்வளவு மரியாதை!

நாம் தங்கிப் படித்தது கெசோன் நகரில், லொயோலா மேட்டில் அமைந்துள்ள ஆத்தேனெயோ தெ மணிலா பல்கலைக்கழக வளாகத்தில். மணிலா மாநகர்ப் பகுதி என்பது ஒரே ஊர் அன்று. பதினாறு நகரங்களும் ஒரு சிற்றூராட்சியும் ஒன்றையொன்று ஒட்டிப் பிதுங்கி நிற்கும் பெரும்பரப்பு. ஆத்தேனெயோ 1859இல் இயேசு சபையாரின் பொறுப்பில், இந்திராமூரோஸ் எனப்படும் பழைய கோட்டை நகருக்குள் தொடங்கியது. 1952இல் இந்த மேட்டுக்கு இடம் பெயர்ந்தது. வளாகத்தின் ஒரு பக்கம் இரைச்சல் ஓயாத கத்திப்பூனான் சாலை. மறுபக்கம் நிலம் சரிந்து மரிக்கினா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்தச் சரிவின் விளிம்பில் நின்று மாலை வேளைகளில் கீழே மின்விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்ப்பது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பின்னால் அந்தப் பள்ளத்தாக்கே நமக்குப் பெரிய பாடமாக வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

வகுப்பறைப் பாடங்களைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. அவற்றுக்குத் தேர்வு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. தெருவில் படித்த பாடங்களுக்கே தேர்வு கிடையாது.

முதற்பாடம் ஜீப்னி. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் நீட்டி, கூரை போட்டு, வண்ணமடித்துப் பயணிகள் வண்டியாக்கினர். அதுவே ஜீப்னி. எதிரெதிராக இரண்டு நீளப் பலகைகள். முழங்காலோடு முழங்கால் இடிக்க மக்கள். கூரை நம்மைப் போன்றோர் குனிந்தே தீரவேண்டிய உயரம். முன்கண்ணாடிக்கு மேலே அன்னை மரியாளோ குழந்தை இயேசுவோ இருப்பார்கள். அவர்களுக்கு அருகில் கூடைப்பந்து வீரர் ஒருவர் படமும் இருக்கும். கண்ணாடியில் ஒரு பூச்சரம் தொங்கும். அந்தச் சரத்தை முதன்முதல் முகர்ந்தபோது நம் கண் நனைந்தது. அது நம்முடைய குண்டுமல்லி! அவர்கள் அதைச் சம்பகீத்தா என்கிறார்கள். அவர்களுடைய தேசிய மலரும் அதுவே. ஆனால் பெண்கள் தலையில் சூடுவதைக் காணோம். சுரூபங்களுக்கும், விருந்தினர் கழுத்துக்கும், வண்டிக் கண்ணாடிக்குமே அந்த மல்லிகை.

ஜீப்னியில் நடத்துநர் இல்லை. பின்புறம் ஏறுபவர் காசை நீட்டி, “பாயாட் போ” (கட்டணங்க) என்பார். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார். அப்படியே கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறையும் அதே வழியில், ஒரு காசு குறையாமல் திரும்பி வரும். முன்பின் அறியாத பத்துப் பேர் கைகளில் நம் பணம் போய்வருவதை முதல் வாரம் நாம் கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஒருநாள் நெரிசலில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இடம் நமக்கு வாய்த்தது. அன்று முழுதும் நாமே கணக்கர். எல்லாருடைய காசும் நம் கைவழியே. யார் எவ்வளவு கொடுத்தார், எங்கே இறங்குவார் என்று தெரியாமல் நாம் திணறியதைக் கண்டு வண்டியே சிரித்தது. இறங்க வேண்டிய இடத்தில் “பாரா போ” என்று சொன்னால் நிறுத்துவார்கள். முதல் நாள் அதை உரக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, நாம் இறங்கியது நம் இடத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி. இப்போது 2017 முதல் அரசு அந்தப் பழைய வண்டிகளை விலக்கிப் புதியவற்றைக் கொண்டுவர முயன்று வருகிறது. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தமும் செய்துவருகிறார்கள். புகை குறைவது நல்லதே. ஆயினும் அந்தக் காசு கைமாறும் வழக்கம் போய்விட்டால் நமக்கு வருத்தமாகவே இருக்கும்.

மொழி வேறொரு வேடிக்கை. முகத்துக்கு அவர்கள் ‘முகா’ என்பர், நம்பிக்கைக்கு ‘ஆசா’, ஆசிரியருக்கு ‘குரோ’, மாம்பழத்துக்கு ‘மங்கா’. வடமொழியும் தமிழும் மலாய் வணிகர் வழியே கடல் கடந்து போய் அங்கே குடியேறியிருக்கின்றன. அக்காளை ‘ஆத்தே’ என்றும், அண்ணனைக் ‘குயா’ என்றும் அழைப்பார்கள். கடைக்காரியும் ஆத்தே, வண்டிக்காரரும் குயா. “சாப்பிட்டாயா?” என்பதே அவர்களுக்கும் நலவிசாரிப்பு. அதற்கு “இல்லை” என்று உண்மையைச் சொல்லிவிட்டால் எழுந்து வரமுடியாது. புளிக்காய் போட்டு வைக்கும் சினிகாங் என்னும் குழம்பை முதல் நாள் வாயில் வைத்தபோது, நம் வீட்டுப் புளிரசத்தை யாரோ மிளகும் மிளகாயும் போடாமல் இறக்கிவிட்டார்களோ என்றிருந்தது. கருவாட்டைக் காலையிலேயே பொரித்துச் சோற்றுடன் உண்கிறார்கள். அந்த மணம் விடுதி முழுதும் பரவும்போது ஐரோப்பிய மாணவர்கள் சன்னலைத் திறப்பார்கள்; நாமோ படியிறங்கி உணவறைக்கு ஓடுவோம்.

ஆனால் ‘பாலூத்’ நம்மை வென்றது. இருட்டிய பின் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு “பாலூ...த்!” என்று நீட்டி முழக்கியபடி தெருவில் வருவார். வாத்து முட்டை, உள்ளே குஞ்சு பாதி உருவாகியிருக்கும் நிலையில் வேகவைத்தது. வியட்நாம் நாட்டு மாணவர் ஒருவர், தம் ஊரிலும் உண்டென்று சொல்லி நமக்கு ஒன்றை உடைத்துக் கொடுத்தார். மேலே உள்ள சாற்றைக் குடித்தோம், நன்றாகவே இருந்தது. பிறகு உள்ளே பார்த்தோம். அதற்குமேல் இந்தக் குடும்ப இதழில் எழுதுவதற்கில்லை.

நிற்க. நம் பயிற்சியின் ஒரு பகுதியாக வாரந்தோறும் சனிக்கிழமை மாலை மரிக்கினாவில் ஆற்றை ஒட்டிய ஓர் ஏழைத் தெருவுக்குச் சென்று வீடுகளைச் சந்திக்க வேண்டும். மரிக்கினா காலணிகளுக்குப் பேர்போன ஊர்; வீட்டுக்கு வீடு செருப்புத் தைத்த காலம் ஒன்று உண்டு. முதல் சனிக்கிழமை வெள்ளைச் சட்டை அணிந்து, தோளில் ஒரு பையும், புதிய தகலோகுச் சொற்களை எழுதிவைக்க ஒரு சிறு குறிப்பேடும் கையில் ஒரு பேனாவுமாகப் புறப்பட்டோம். தெருமுனையில் நாம் தலை காட்டியதும் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஒரு சொல்லைக் கத்திக்கொண்டு சிட்டாய்ப் பறந்தன. “பும்பாய்! பும்பாய்!” கதவுகள் சாத்தப்பட்டன. மூலையில் இருந்த பெட்டிக்கடையின் கம்பிவலைக்குப் பின்னால் ஒரு மூதாட்டி சட்டென்று குனிந்து மறைந்ததைக் கண்ணாரக் கண்டோம். அருகே சென்று கேட்டால், ஏழெட்டு வயதுப் பேத்தி எழுந்து நின்று, “லோலா இல்லை என்று லோலா சொல்லச் சொன்னார்” என்றாள். லோலா என்றால் பாட்டி.

காரணம் பிறகே விளங்கிற்று. அந்நாட்டில் இந்தியர் அனைவருக்கும் ‘பும்பாய்’ என்றே பெயர், பம்பாயின் திரிபு. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து சென்றவர்கள் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து சிறு கடைக்காரருக்கும் சந்தைப் பெண்களுக்கும் ஈடு கேளாமல் கடன் கொடுத்து, நாள்தோறும் வசூலிக்கிறார்கள். இதற்கு ‘ஐந்துக்கு ஆறு’ என்று பெயர்; ஐந்து பெசோ வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். சோறுண்ண மறுக்கும் குழந்தைகளைப் “பும்பாய் வந்து பிடித்துப் போவான்” என்று தாய்மார் அச்சுறுத்துவதும் உண்டு. கருத்த முகம், தோளில் பை, கையில் குறிப்பேடு, சனிக்கிழமை மாலை! நாம் அணியாதது தலைப்பாகை ஒன்றே.

அன்றிலிருந்து நாம் போகும் இடமெல்லாம் ஒரு விளக்கத்தைச் சுமந்து சென்றோம். “நாம் பும்பாய் அல்ல; தென்னிந்தியக் குரு; வட்டிக்காரருக்கும் எமக்கும் தொடர்பில்லை” என்று தகலோகில் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். சட்டையில் சிலுவை ஒன்றையும் பளிச்சென்று குத்திக்கொண்டோம். பாட்டி நம்பினார், நாளடைவில் தம் கடையில் நமக்கு முக்காலி போட்டார். சிகரெட்டை ஒற்றையாகவும், எண்ணெயைச் சிறு பையாகவும் விற்கும் கடை. அந்தக் கடையின் முதலும் பும்பாயிடம் வாங்கிய கடனே என்பதை அவரே சொன்னார். பேத்தி மட்டும் நெடுநாள் நம்மிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள். பிறகு ஒரு நாள் அருகே வந்து நம் கையைப் பற்றித் தன் நெற்றியில் வைத்து “மானோ போ” என்றாள். பெரியோரிடம் ஆசி பெறும் அவர்களது வழக்கம் அது.

அதே மரிக்கினாவுக்கு அடுத்த ஊரான கைந்தாவைப் பற்றி நூலகத்தில் படித்தபோதுதான் வியப்பின் எல்லையைக் கண்டோம். 1762இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து மணிலாவைப் பிடித்தனர், 1764இல் திரும்பினர். அவர்களோடு வந்த சென்னைச் சிப்பாய்களில் சிலர் படையைவிட்டு விலகி, கைந்தாவில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஒரு விடுமுறையன்று சும்மா அந்த ஊர்ச் சந்தையில் திரிந்தோம். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் முகத்தில் நம் ஒன்றுவிட்ட அண்ணன் சாயல் இருந்தது என்று சொன்னால், ஏக்கம் பிடித்தவனின் கற்பனை என்பீர்கள். இருக்கலாம்.

ஏக்கம் மிகுந்தது திசம்பரில். அங்கே கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒன்பது நாள்கள், 16 முதல் 24 வரை, விடியற்காலை நான்கு மணியளவில் திருப்பலி. ‘சிம்பாங் காபி’ என்று பெயர். இது குடிக்கும் காபி அன்று, ‘இரவு வழிபாடு’ என்று பொருள். உழவர்கள் வயலுக்குப் போகுமுன் பூசை காண்பதற்காக ஏற்பட்ட வழக்கம் என்பர். வயல்கள் மறைந்தும் வழக்கம் மறையவில்லை. கோவிலில் இடமின்றி மக்கள் வெளியே தெருவில் நின்று பூசை கண்டனர். முடிந்து வெளியே வந்தால், கோவில் வாசலில் ஆவி பறக்கும் சட்டிகள். மேலும் கீழும் கனலிட்டுச் சுடும் பிபிங்கா ஒருபுறம். மறுபுறம் மூங்கில் குழாயில் ஊதாநிற அரிசிமாவை அடைத்து, ஆவியில் வேகவைத்து, தட்டி வாழையிலையில் தள்ளித் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருகிறாள் ஒருத்தி. பெயர் கேட்டோம். “பூத்தோ பும்போங்” என்றாள். பூத்தோவாம்! அம்மா, அது எங்கள் குழாய்ப்புட்டு என்று தமிழிலேயே சொல்லிவிட்டோம். அன்று மூன்று இலை வாங்கி உண்டோம். நான்காவதையும் உண்டிருப்போம்; எட்டு மணிக்கு வகுப்பு.

2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை. அங்கு மழை புதிதன்று. ஆகையால் நாம் போர்வையை இழுத்துக்கொண்டு கட்டுரை ஒன்றை முடித்துக்கொண்டிருந்தோம். அன்று மாலை மரிக்கினா செல்லும் முறை; மழையைச் சாக்கிட்டுப் போகாமல் இருந்துவிட்டோம். ‘ஒந்தோய்’ என்று அவர்கள் பெயரிட்ட அந்தப் புயல் ஒரே நாளில் 455 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. ஒரு மாதத்துக்குரிய மழையைக் காட்டிலும் மிகுதி. மேட்டில் இருந்த நமக்கு மின்சாரம் போனதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை சரிவின் விளிம்பில் போய் நின்றோம். பள்ளத்தாக்கில் ஊர் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பரப்பும், அதன்மேல் ஆங்காங்கே கூரைகளுமே இருந்தன. அந்தப் புயலில் மாண்டோர் நானூற்றுக்கும் மேல்.

திங்களன்று மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். வியட்நாம், இந்தோனேசியா, மியான்மர் மாணவர்கள், நாம். தெருவை அடையாளம் காண முடியவில்லை. முழங்கால் அளவு சேறு. மோட்டார் வண்டியொன்று ஒரு வீட்டுச் சுவரின் மேல் அமர்ந்திருந்தது. மின்கம்பிகளில் துணிகளும் செருப்புகளும் தொங்கின. பாட்டியின் கடை இருந்த இடத்தில் கம்பிவலை மட்டும் வளைந்து நின்றது. பாட்டி? கேட்க நா எழவில்லை. “பாதர் போ!” என்று மேலிருந்து ஒரு குரல். அடுத்த வீட்டு மாடியின் விளிம்பில் பேத்தி. அன்று முழு இரவும் அந்தத் தகரக் கூரையில் பதினொரு பேர் நனைந்தபடி அமர்ந்திருந்தனராம். பாட்டி தம் குழந்தை இயேசு சுரூபத்தைத் தாவணித் துணியில் கட்டி மடியில் வைத்திருந்தார். நாம் வராமல் போனதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “சாப்பிட்டாயா?” என்றுதான் கேட்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சேற்றை வாரித் தெருமுனையில் கொட்டிக்கொண்டிருக்கையில் பேச்சுகள் சட்டென்று அடங்கின. தலைப்பாகை அணிந்த ஒருவர் ஓடாத மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பும்பாய்! இந்த நிலையிலும் வசூலுக்கு வந்துவிட்டானே என்று நமக்கே நெஞ்சு கொதித்தது. அவரோ வண்டியைச் சாய்த்துவிட்டு, தலையில் கைவைத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அடுத்த தெருவில்தான் ஓர் அறையில் குடியிருந்தார், அதுவும் மூழ்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தார். மை கரைந்து நீலக் குழம்பாய் இருந்தது. ஒரு பெயர், ஒரு தொகை தெரியவில்லை.

ஓர் இளைஞன் நம் பக்கம் திரும்பி, “பாதர், இவர் உங்கள் நாட்டுக்காரரா?” என்றான். ஓராண்டுக்கு மேலாக நாம் மனப்பாடம் செய்திருந்த விளக்கம் நாவின் நுனிவரை வந்தது. “ஓபோ” என்றோம்.

அருகே போய் அமர்ந்தோம். நமக்கு இந்தி வாராது. அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் வாரா. ஆகவே, இரண்டு இந்தியர், மணிலாவின் சேற்றில் அமர்ந்து, அரைகுறைத் தகலோகில் ஊரும் பேரும் விசாரித்துக்கொண்டோம். ஜலந்தர் பக்கத்துக் கிராமம். வந்து ஒன்பது ஆண்டு. கொடுத்திருக்கும் பணமும் அவர் சொந்தப் பணமன்று, பெரியவர் ஒருவரிடம் வாங்கியது. பாட்டி நிவாரணக் கஞ்சியில் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தார்; ஒன்று நமக்கு, ஒன்று அவருக்கு. கொடுத்துவிட்டு, தெருவே கேட்கும்படி, “என் கணக்கில் எண்ணூறு பாக்கி” என்றார். இளைஞன் ஒருவன் பாட்டியைக் கடிந்துகொண்டான்; புத்தகமே போய்விட்டதே, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா என்றான். அதில் நியாயம் இல்லையென்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஐந்துக்கு ஆறு என்பது கந்துவட்டியே. நம் ஊரில் அதை எதிர்த்துப் பீடத்தில் நின்று பேசியவர் நாம். பாட்டியோ, “வாங்கியது வாங்கியதுதான்” என்று சொல்லிவிட்டுக் கிண்ணங்களைக் கழுவப் போனார். அதன்பின் இன்னும் இருவர் தங்கள் தொகையைச் சொன்னார்கள். மற்றவர்கள் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதப் பேனா வேண்டுமா என்று நாம் கேட்கவும் இல்லை.

அக்டோபரில் அப்பகுதியில் எலிக்காய்ச்சல் பரவியது. செருப்பின்றிச் சேற்றில் நின்றவர்கள் பலர் படுத்தனர். காலணி ஊரில் கால் மூடக் காலணி இல்லை. மருத்துவர்கள் கொடுத்த மாத்திரையை நாமும் விழுங்கினோம். திசம்பர் விடியற்பூசைக்குள் பாட்டியின் கடை பாதி எழுந்துவிட்டது, முக்காலியும் வந்துவிட்டது. முதல் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது பாட்டி குனிந்து மறையவில்லை என்பதை மட்டும் கவனித்தோம்.

2010 மார்ச்சில் படிப்பு முடிந்தது. விடைபெறச் சென்றபோது பேத்தி சம்பகீத்தாச் சரமொன்றை நம் கழுத்தில் இட்டாள். ஜீப்னி புறப்படுகையில் தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, “பும்பாய்! பாதர் பும்பாய்!” என்று கத்தினார்கள். கையசைத்தோம்.

ஊர் திரும்பிய மறுவாரம் நகரப் பேருந்தில் ஏறினோம். நெரிசல். நடத்துநர் முன்பக்கம் இருந்தார். வழக்கம் மாறாமல், எதிரே நின்ற இளைஞரின் தோளைத் தட்டிப் பத்து ரூபாய்த் தாளை நீட்டி, “பாயாட் போ” என்றோம். அவர் முகம் சிவந்து திரும்பினார். நம் அங்கியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கி முன்னால் கொடுத்தார்.